யார் ஏவியது

ஜெபக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு 'ஏவுதல்' என்ற சொல் தெரிந்திருக்கும். இன்னதைச் செய், இன்ன இடத்துக்குப் போ என்று கர்த்தர் மனசுக்குள் தூண்டுவதை அப்படிச் சொல்வோம். 'எனக்கு ஏவுதல் வந்தது' என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் அதன்பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. தோத்திரம் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார்கள். பதினாலு வருஷம் நான் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன்.

சமஸ்தானம் போய் எங்கள் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். தாய் தகப்பன் இருவரும் காலராவில் ஒரே வாரத்தில் போனபின் என்னை மிஷன் விடுதியில் சேர்த்திருந்தார்கள். ஞானஸ்நானம், எழுத்து, இரண்டு வேளைச் சோறு மூன்றையும் அங்கேதான் பெற்றேன். அங்கிருந்து ஒரு விடியற்காலையில் நடந்து வெளியே வந்தபோது அது கர்த்தரின் அழைப்பு என்று நிச்சயமாக நம்பினேன். பிறகு விராலிமலையில் சாலையோர டீக்கடை, மணப்பாறைப் பக்கம் மாட்டுத் தரகரிடம் எடுபிடி, பொன்னமராவதியில் கடலை மில், இடையிடையே கிணறு வெட்டும் கூட்டத்தோடு மண் சுமந்தது. எங்கும் இரண்டு வருஷம் முழுதாக இருந்ததில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், சத்திரத்து வாசலில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறேன். அதெல்லாம் நடந்துபோகிறவனுக்கு உள்ளதுதான்.

ஏவுதல் எனக்கு எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சு லேசாக இருக்கும். குதிகாலில் ஒரு குறுகுறுப்பு. அதன்பின் பார்ப்பதெல்லாம் அடையாளம். காக்கை தெற்கே பறந்தால் தெற்கே போகச் சொல்கிறார். ஒருமுறை விராலிமலையில், போகலாமா வேண்டாமா என்று ஜெபித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பஸ் கண்டக்டர் 'போலாம் ரைட்' என்று குரல் கொடுத்தார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதைப் பல ஊர் ஜெபக் கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். வேதத்திலும் புறப்பட்டுப் போனவர்களின் கதைகளைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். இருந்த இடத்திலேயே இருந்தவர்களின் கதை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷம், அரிமளத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தேன். வீடு கட்டும் செம்புராங்கல் வெட்ட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்தது. ஊரின் கடைசியில், கொல்லைக்காட்டு ஓரமாக, மண்சுவரும் நாட்டோட்டுக் கூரையுமாக ஒரு சிறிய ஜெபவீடு இருந்தது. நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள். வாசல் வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரும்புக் கம்பியால் தட்டினால் அதுதான் மணி.

நான் வந்து ஆறு வாரத்தில் அந்த நாலு குடும்பமும் தஞ்சாவூர்ப் பக்கம் பிழைக்கப் புறப்பட்டன. கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாலைந்து ஊர்களுக்குச் சேர்த்துப் பொறுப்பாக இருந்த உபதேசியார் சைக்கிளில் வந்து, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்களுக்குத்தான் குடும்பம் குட்டி இல்லையே. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் இங்க இருந்து காலையும் சாயங்காலமும் மணி அடிச்சு ஜெபம் பண்ணுங்க."

"யாரு வருவா ஜெபத்துக்கு?"

"யாரும் வர மாட்டாங்க. ஆனா மணி நின்னு போச்சுன்னா, ஆளில்லாத எடம்னு எழுதிருவாங்க. எழுதிட்டா ஓட்டைப் பிரிச்சு வேற ஊருக்குக் கொண்டு போயிருவாங்க. அப்புறம் இங்க ஒண்ணும் இருக்காது."

புறப்படுகிற கூட்டத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, தலையில் மூட்டையோடு திரும்பி என்னைப் பார்த்து, "நாங்க வரும்போது ஓடு இருக்கணும்ங்க" என்றாள். சரி என்றேன். மூன்று மாதம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

வாரத்தில் நாலு நாள் கல் வெட்டப் போவேன். கூழும் துவையலும். காலை விடிந்ததும் மணி, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மணி. பிறகு உள்ளே போய்ப் பாய் விரித்து, ஆளில்லாத பாய்களுக்கு முன்னால் ஒரு அதிகாரம் சத்தமாக வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி முடிப்பேன். முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. இரண்டாம் வாரம் என் குரலை நானே கேட்கக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து பாட்டை விட்டுவிட்டேன். வெற்று வீட்டில் ஒற்றை ஆள் பாடினால் பாட்டு சுவரில் போய் இடித்துவிட்டு அப்படியே திரும்பி வருகிறது.

ஜெபவீட்டை அடுத்த கொல்லை ஒரு விவசாயக் குடும்பத்தினுடையது. அந்த வீட்டு அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கிறிஸ்தவர்களை அந்தப் பக்கத்தில் வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் என்னைக் கூப்பிட்டதும் அப்படியே. நான் அக்கா என்பேன். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வாயாடுவார். அந்த மாதங்களில் என்னோடு பேசியவர் ஏறக்குறைய அவர் ஒருவர்தான்.

"வேதக்காரரே, ஆளே இல்லாம யாரைத்தான் கூப்புடுறீங்க?"

"கர்த்தரைத்தான் அக்கா."

"அவரு பக்கத்துலதான் இருக்காருன்னு ஒங்க ஆளுக சொல்வாகளே. அப்புறம் எதுக்கு இந்தப் போடு போடுறீங்க?"

"ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவு என்ன. எங்க மாட்டுக்குப் பழகிருச்சு. இந்தச் சத்தம் கேட்டாத்தான் தொட்டிக்கு வருது. நேத்து நீங்க பிந்தி அடிச்சீங்க, அதுவும் பிந்தித்தான் தண்ணி குடிச்சுச்சு. ஒங்க சபையில ஒரு ஆளு சேந்திருக்குன்னு எழுதிப்புடுங்க."

நாலாவது மாதம் முடியும்போது உபதேசியாரிடமிருந்து கார்டு வந்தது. 'குடும்பங்கள் இந்த வருஷம் திரும்புவதாகத் தெரியவில்லை. வரும் வியாழக்கிழமை குருவானவரோடு வருகிறேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஓட்டைப் பிரிக்காமல் விடுவார்கள்.' வாசித்துவிட்டுக் கார்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் ஏவுதல் வந்தது. இந்தமுறை வந்தது போல எப்போதும் வந்ததில்லை. குதிகால் குறுகுறுப்பு மட்டும் அல்ல, ஒரு தெளிவான வேலையும் கூடவே வந்தது. பொன்னமராவதிக்குப் போ, அங்கே நீ விட்டுவந்தவனைப் பார்த்து மன்னிப்புக் கேள். நான் அழுதுவிட்டேன். இது கர்த்தருடையது இல்லை என்றால் வேறு எது? துணியை மூட்டை கட்டிவிட்டு, மணியடிக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனேன்.

"அக்கா, நான் நாளைக்குப் புறப்படுறேன். இந்தக் கம்பியை வச்சுக்கங்க. உபதேசியார் வியாழக்கிழமை வருவாரு, அவருகிட்ட குடுத்துருங்க."

"எங்கிட்டுப் போறீங்க?"

"பொன்னமராவதிக்கு. எனக்கு ஏவுதல் வந்திருக்கு."

அவர் கம்பியை வாங்க நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது.

"ஏவலா? யாரு ஏவுனது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீட்டில் ஏவல் என்றால் செய்வினை. ஒருவனுக்கு ஆகாதவர்கள் மந்திரவாதியைப் பிடித்து அவன்மேல் அனுப்பிவிடுவது.

"எங்க சின்ன மாமனாருக்கு இப்பிடித்தான். விடிஞ்சதும் எந்திரிச்சு எங்கிட்டாச்சும் நடந்து போயிருவாரு. கேட்டா, கூப்புடுதுன்னுவாரு. எத்தனை நாளா இருக்கு ஒங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது இல்லைக்கா. இது கர்த்தர் உள்ளுக்குள்ள ஏவுறது."

"அது எப்பிடித் தெரியும்? வேற யாரும் ஏவிவிட்டாலும் உள்ளுக்குள்ளதானே கேக்கும்?"

பதினாலு வருஷத்தில் ஒரு சபையிலும் ஒருவரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

அவர் விடவில்லை. பொன்னமராவதியில் என்ன சோலி என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாததை வேலிக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னேன்.

கடலை மில்லில் என்னோடு வேலை பார்த்தவன். என் வயதுதான். விவசாயக் குடும்பம், அவன் வீட்டில் யாரும் எங்கள் வேதத்தின் பக்கம் வந்தவர்கள் இல்லை. நான் தொலி புடைத்துக்கொண்டே பாடுவதைக் கேட்டுக் கேட்டு, வேதம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றான். தகப்பனாரிடம் சொல்லத்தான் பயம். "ஞாயித்துக்கெழமை எங்க ஊருக்கு வாங்க. எங்க ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேணாம்" என்றான். வருகிறேன் என்றேன். சனிக்கிழமை எனக்கு ஏவுதல் வந்தது. மதுரைப் பக்கம் போய்விட்டேன். அந்தப் புறப்பாட்டை மூன்று ஊர்களில் சாட்சியாகச் சொன்னேன். அந்தச் சாட்சியில் அவன் இல்லை.

கேட்டு முடித்துவிட்டு அக்கா சொன்னார்.

"போக வேண்டிய காரியந்தான். நான் இல்லைங்கலை. ஆனா நாளைக்கே ஏன் போகணும்?"

"ஏவுதல் வந்தா ஒடனே கீழ்ப்படியணும் அக்கா."

"ஏவலுக்குத்தான் தவணை இருக்கும். அமாவாசைக்குள்ள முடிக்கணும், அஷ்டமிக்குள்ள முடிக்கணும்னு. அதான் அந்தத் தள்ளு தள்ளும். ஒங்க சாமிக்கு என்ன அவசரம்? கூப்புடுறவரு அடுத்த மாசமும் கூப்புட மாட்டாராக்கும்?" பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நேத்து தபால்காரரு என்ன குடுத்துட்டுப் போனாரு?"

நான் கம்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று கல் வெட்டப் போகவில்லை. ஜெபவீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஏவுதலும் எந்த நாளில் வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். விடுதியை விட்டது, விடுதியில் சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுக்கப்போவதாகச் சொன்ன மறுநாள். விராலிமலையில் பஸ் ஏறியது, டீக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்காகக் கடையை ஒரு வாரம் என்னிடம் விட்டுப் போவதாக இருந்ததற்கு முதல் நாள். பொன்னமராவதி, அந்தச் சனிக்கிழமை. யாராவது ஒருவர் என்மேல் சாயப்போகிற நேரத்தில்தான் எனக்கு ஏவுதல் வந்திருக்கிறது. ஒருமுறைகூட அது என்னை யாரிடமாவது கொண்டுபோய் நிறுத்தியதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. நாளை எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் நான் எண்ணியதே இல்லை.

எல்லாமே என் காலின் வேலை என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் கஷ்டம். பொன்னமராவதிக்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது பொய்யா? இல்லை. நல்ல காரியத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கெட்டதும் கூடவே நடந்து வருகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபம் பண்ணினேன். ஒன்றும் கேட்கவில்லை. போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. கடைசியில் அந்த அம்மா சொன்னதையே செய்வது என்று வைத்துக்கொண்டேன். அவசரப்படுத்துவதை நிற்கவைத்துப் பார்ப்பது.

வியாழக்கிழமை வந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். "கர்த்தர் ஒங்களை நடத்துறாரு தம்பி" என்றார் உபதேசியார். கர்த்தர் நடத்துவதாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மணி, வாசிப்பு, ஜெபம், கல் வெட்டு. வேனிலில் கிணறு வற்றி ஒரு மைல் போய்த் தண்ணீர் எடுத்தேன். கல் தெறித்து இடது கைச் சுண்டுவிரல் நகம் போனது. ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். மற்ற நாள் தனியாக இருந்தால் வேலைக்காரன், ஞாயிற்றுக்கிழமை தனியாக இருந்தால் தனி ஆள். நாலு குடும்பத்தின் பாய்களையும் வெயிலில் உதறிப்போட்டுத் திரும்ப அதே இடத்தில் சுருட்டி வைப்பேன். ஜெபத்தில் சொல்ல எதுவும் இல்லாத நாட்கள் நிறைய. அப்போது அந்தக் குடும்பங்களில் ஒவ்வொருவரையும் முறை சொல்லி நினைத்து, நல்லா இருக்கட்டும் என்று சொல்லி முடித்துவிடுவேன். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் பொய். அக்கா ஒருநாள், "என்னங்க, ஒங்க சாமி ஏதாச்சும் பேசுனாரா?" என்று கேட்டார். "இல்லைக்கா" என்றேன். "எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான். சோத்துக்கு மட்டும் வாயைத் தொறப்பாரு" என்றார். அன்று வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

நிற்கவைத்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. குதிகாலின் கூப்பாடு மாதத்துக்கு ஒருமுறை வந்தது. ஆனால் ஊரை மாற்றிக்கொண்டே இருந்தது. முதலில் பொன்னமராவதி என்றது, பிறகு ராமேசுவரம் என்றது, பிறகு திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்றது. ஒவ்வொரு முறையும் இன்றைக்கே என்றது. மூன்று நாள் பொறுத்தால் அடங்கிவிடும். கடலை மில்லில் வேலை பார்த்தவனின் நினைப்பு அப்படி இல்லை. அது ஊரை மாற்றவில்லை. இன்றைக்கே என்று சொல்லவும் இல்லை. கல் வெட்டும்போது, தண்ணீர் எடுக்கும்போது, ஒரு மூலையில் பேசாமல் நின்றது. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அங்கேயே நின்றது.

மறுவருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கைக்குழந்தைக்காரியின் குடும்பம் மட்டும் திரும்பி வந்தது. குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. அவள் மூட்டையை இறக்குவதற்கு முன்பே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். உள்ளே போய்த் தங்கள் பாயைத் தேடி எடுத்து விரித்தாள்.

அவர்கள் வந்து இரண்டு வாரம் கழித்து, அவளுடைய புருஷனிடம் கம்பியைக் கொடுத்து, இரண்டு நாள் மணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். குதிகாலில் ஒன்றும் இல்லை. உண்மையில் போகவே பிடிக்கவில்லை. திருமயம் வரை நடந்து, அங்கிருந்து பொன்னமராவதிக்கு பஸ்.

அவன் அதே மில்லில் மேஸ்திரியாக இருந்தான். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தான்.

"அடையாளம் தெரியுதா?"

"தெரியாம என்னங்க. உக்காருங்க."

டீ வாங்கிக் கொடுத்தான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஏவுதல் என்ற சொல்லை விட்டுவிட்டு, பயந்து ஓடிவிட்டேன் என்று சொன்னேன். முழங்கையில் ஒட்டியிருந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அன்னைக்கு எங்க ஊருக்குப் பிரியுற விலக்குல மூணு பஸ்ஸு பாத்தேன். மூணாவது பஸ்ஸும் போனதும் வீட்டுக்குப் போயிச் சாப்புட்டேன். அம்புட்டுதாங்க. எங்க ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லலை."

"என்னை மன்னிச்சுருங்க" என்றேன். அவனை நான் அதற்குமுன் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.

"அதெல்லாம் பெரிய வார்த்தைங்க. ரெண்டு புள்ளைக இருக்கு. குலசாமி கோயில்ல முடியெறக்கியாச்சு. நல்லாத்தான் இருக்கேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "நீங்க வந்தது சரிதான். ஆனா இதுக்காகத் திரும்ப வராதீங்க. எனக்கு மறுபடி அந்த விலக்குல போயி நிக்க ஏலாது."

மறுநாள் காலைதான் கிழக்கே போகும் பஸ். மில் வராந்தாவில் படுக்க இடம் கொடுத்தான். விடிந்ததும் ஸ்டாண்டு வரை கூட வந்தான். பஸ் நிறைந்து கிளம்பும்வரை வெயிலில் நின்றான். நான் போகச் சொல்லியும் போகவில்லை. கண்டக்டர் ரைட் என்றார்.

இருப்பதற்காக ஒரு ஊருக்கு நான் பஸ்ஸில் திரும்பிப் போவது அதுதான் முதல் தடவை.

ஊருக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா வேலி ஓரத்தில் நின்றார், கையில் மணிக்கம்பி.

"அவுக குடும்பத்தோட நடவுக்குப் போயிட்டாக. நேத்துச் சாயங்காலம் மணியே இல்லை. மாடு தொட்டிக்கு வராம நின்னுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நான்தான் ரெண்டு தட்டுத் தட்டினேன். ஒங்க சாமி கோவிச்சுக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரு."

"போன காரியம் என்னாச்சு?"

"திரும்ப வர வேணாம்னு சொல்லிட்டாரு."

அவர் கம்பியை என்னிடம் கொடுத்தார். பிறகு, "யாரு ஏவுனதுன்னு தெரிஞ்சுச்சா?" என்றார்.

"போனது கர்த்தர் ஏவுனதுதான்னு நெனைக்கிறேன்."

"வந்தது?"

"அதுக்கு யாரும் ஏவலை அக்கா. நானாத்தான் வந்தேன்."

"சரி, அடிங்க. மாடு நிக்குது" என்றார்.

ஐந்து தடவை தட்டினேன். மாடு தொட்டிக்குப் போனது. கைக்குழந்தைக்காரி வீட்டில் இன்னும் யாரும் நடவிலிருந்து திரும்பவில்லை. உள்ளே போய் என் பாயை விரித்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.